பூஜ்யங்களுக்குக் கீழே ஏழு

கீழ்லயம் – அத்தியாயம் 14

கலைமணிக்கு வலது தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. இடது கையாலேயே கொண்டையைச் சுற்றி, பல்லில் கடித்திருந்த ஊசியைச் செருகினாள்.

மூன்று நாளாகக் குடம் தூக்கிய வலி. மேல்தொட்டியிலிருந்து லயத்துக்கு வரும் குழாய் ஓர் இணைப்பில் கழன்று கழன்று விழுகிறது. பிளம்பர் வந்து சைக்கிள் டியூப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டுப் போவான். மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு குழாயும் சண்டை போட்டுக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும். பிறகென்ன, ஓடைக்கு இறங்கு, குடத்தைத் தோளில் ஏற்று, வழுக்குப் பாறையில் பெருவிரலை ஊன்றி ஏறு.

பத்து வருடம் காப்பிப் பழம் பறித்த தோள்தான். நாலு வருடம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததில் சுகம் கண்டுவிட்டது.

வெளியே மழை நிற்கவில்லை. வலுக்கவும் இல்லை. அழுகிற குழந்தை தேம்பலுக்கு வந்த மாதிரி ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. ஐப்பசி முழுக்க இப்படித்தான். இந்த மழையில்தான், எஸ்டேட்டின் பதினோராம் நம்பர் காட்டில், காப்பிச் செடிகளுக்கு நடுவே மண் குறுக்காக வெடித்தது. ஆரம்பத்தில் விரல் நுழையாத விரிசல். ஆனால் அதற்கு நேர் கீழேதான் கீழ்லயம். ஒரே கூரைக்குக் கீழே எட்டு வீடு, எட்டுக் குடும்பம். எல்லாரையும் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினார்கள். திண்டுக்கல்லிலிருந்து மண்ணைப் பரிசோதிக்கும் ஆபீசர் வந்தார். பத்து நாள் பெஞ்சை ஒதுக்கிவிட்டு, சிமெண்டுத் தரையில் படுத்தார்கள். ஆபீஸ் போர்டில் தினமும் ஒரு தாள் ஒட்டப்பட்டது. தினமும் அதில் பூஜ்யம். பதினோராவது நாள் மேனேஜர், “மலை நின்னுடுச்சு, வீட்டுக்குப் போங்க” என்றார்.

போனார்கள். இன்றைக்கு எட்டு நாளாகிறது.

வரமாட்டேன் என்று கடைசிவரை அடம்பிடித்தவள் ராஜகுமாரி, கலைமணியின் தம்பி பெண்டாட்டி. கைக்குழந்தைக்காரி. விரிசலுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும் கடைசி வீடு அவளுடையது. சிலோனிலிருந்து வந்தவர்கள் வழக்கத்தில் அதற்குத் தொங்கக் காம்பரா என்று பெயர். “நான்தானே டைப் அடிக்கிறேன். பூஜ்யம்னா பூஜ்யம். வா” என்று அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவள் கலைமணி.

கதவில் நிழல் தட்டியது. அவள் புருஷன் அருள்தாஸ், தலையில் பாலிதீன் கொங்காணியோடு, முழங்கால்வரை சேறாக நின்றான்.

“அஞ்சு,” என்றான்.

“என்னது அஞ்சு?”

“இன்னைக்கு அளவுடி. அஞ்சு மில்லி. டீ இருக்கா?”

“நேத்து நாலுதானே சொன்னீங்க?”

“நேத்து நாலு, இன்னைக்கு அஞ்சு. ஒரு அரிசி நீளம்கூட இல்ல. ராத்திரி பூரா ஊத்துச்சுல்ல, மண்ணு கொஞ்சம் ஊதியிருக்கும்.” டீயை ஊதாமலே குடித்தான். “நான் மேல போறேன். விரிசலுக்கு மேல வாய்க்கா வெட்டித் தண்ணிய அந்தப் பக்கம் திருப்பச் சொல்லிட்டாரு மேனேஜர். சுப்பையாவும் இன்னும் ரெண்டு பேரும் வாராங்க.”

“தோள் வலிக்குது, ஒரு கொடம் கொண்டாந்து வச்சுட்டுப் போங்களேன்.”

“ஆபீஸ்காரம்மாவுக்குத் தண்ணி தூக்க ஆளு வேணுமாக்கும்,” என்று சிரித்தான். ஆனால் குடத்தை எடுத்துக்கொண்டுதான் இறங்கினான்.

அவன் அளக்கும் விதம் ஆபீசர் சொல்லிக்கொடுத்தது. விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு முளை, அந்தப் பக்கம் ஒரு முளை. ஒவ்வொரு முளையிலும் ஒரு பலகை. இரண்டு பலகையும் ஒட்டி உரசிக்கொண்டு கிடக்கும். இரண்டுக்கும் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு. மண் நகர்ந்தால் கோடு உடைந்து விலகும். விலகலை ஸ்கேலால் அளந்தால் முடிந்தது.

ஆபீசர் சொல்லாத ஒன்றை அருள்தாஸ் செய்தான். தினமும் அளந்து முடித்ததும் பழைய கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டுப் புதுக்கோடு போட்டான். எஸ்டேட்டில் எடை போடுகிற பழக்கம் அது. ஒவ்வொரு மூட்டைக்கும் தராசை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் அடுத்ததை ஏற்றுவார்கள். விரிசலையும் அப்படியே நிறுத்தான். தினமும் மலை புதிதாகப் பிறந்தது. மழைத் தண்ணீர் இறங்காமல் விரிசல் முழுக்கத் தார்ப்பாய் போர்த்தி, ஓரத்தில் மண்மூட்டை அடுக்கியிருந்ததால் உள்ளே எவ்வளவு வாய் பிளந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஆபீசுக்குப் போகிற வழியில் ராஜகுமாரி எதிர்ப்பட்டாள். இடுப்பில் துணி மூட்டை.

“தொவைக்கப் போறியா? புள்ள எங்க?”

“இப்பத்தான் தூங்குனா மதினி. தூளியில போட்டுக் கதவச் சாத்திட்டு வந்தேன். பெருமாயியோட ஆடு உள்ள வந்து பொடவைய மேயுது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்தக் கதவு வேற லேசுல சாத்த மாட்டேங்குது. ஒதைச்சுச் சாத்த வேண்டியிருக்கு.”

“மழைக்கு மரம் ஊதியிருக்கும்.”

“அதத்தான் ஒங்க தம்பியும் சொன்னாரு. முட்டைக்கோஸ் லோடு ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம் போயிருக்காரு, வந்து எழைச்சுத் தாரேன்னாரு.” நாலு எட்டு நடந்தவள் திரும்பினாள். “இன்னைக்கும் பூஜ்யந்தானே மதினி?”

“பூஜ்யந்தான்,” என்றாள் கலைமணி. அப்போது அவள் கம்ப்யூட்டரைத் திறந்திருக்கவே இல்லை.

ஆபீஸ் என்பது தகரக்கூரை போட்ட இரண்டு அறை. உள் அறையில் மேனேஜர் திருமலைச்சாமி. வெளியறையில் கலைமணி, கம்ப்யூட்டர், மிளகு சாம்பிள் பொட்டலங்கள்.

விரிசலுக்கென்று ஒரு எக்செல் ஃபைல். அதில் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் அருள்தாஸ் சொல்லும் அளவை மில்லிமீட்டரில் அடிப்பாள். ஆபீசர் செண்டிமீட்டரில் கேட்டதால், இரண்டாவது பக்கம் அதைத் தானே பத்தால் வகுத்துக்கொள்ளும். அந்த இரண்டாவது பக்கம்தான் பிரிண்ட் ஆகி போர்டுக்குப் போகும். அதைப் போட்டோ எடுத்து ஆபீசருக்கு அனுப்புவார் மேனேஜர்.

கலைமணி 5 என்று அடித்தாள். பிரிண்ட் கொடுக்க இரண்டாவது பக்கத்துக்குப் போனாள்.

0, 0, 0, 0 என்று கட்டம் கட்டமாக இறங்கி வந்து, கடைசியில் 1 என்று நின்றது.

ஒன்று.

தப்பாக அடித்துவிட்டோமா? முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். அஞ்சுதான். அஞ்சு மில்லி என்றால் அரை செண்டிமீட்டர். அரையை எவன் ஒன்றாக்கினான்?

நாற்காலி கிறீச்சிட மேனேஜர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா ஒண்ணு? ஒரு செண்டிமீட்டரா?”

“இல்ல சார், அரைதான். காட்டுறதுதான் ஒண்ணுன்னு காட்டுது.”

“அப்ப பூஜ்யம்னு அடிச்சு வை. போர்டுல ஒண்ணுன்னு பாத்தா லயமே ஆபீஸ் வாசல்ல வந்து உக்காந்துக்கும். நேத்து நாலுக்குப் பூஜ்யம், இன்னைக்கு அஞ்சுக்கு ஒண்ணா? ஒரே ஒரு மில்லிக்கா இந்தக் கூத்து?”

அவர் உள்ளே போய்விட்டார். கலைமணி அந்த ஒன்றின்மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவர் எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் அது அவளுக்குள் போய்த் தைத்தது. அரையைத் தொட்டால் ஒன்றாக்குகிறது. சரி. அரைக்குக் கீழே இருந்ததை எல்லாம் என்ன செய்தது? நேற்று நாலு. முந்தாநாள் நாலு. அதற்கு முன் மூன்று. அந்த நாலும் மூன்றும் எங்கே போயின?

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு காலிக் கட்டம் இருந்தது. சம்பளப் பட்டியலில் தினமும் செய்கிற வேலைதான், இந்தப் பக்கத்தில் ஒரு நாளும் செய்யத் தோன்றவில்லை. கூட்டுத்தொகை கேட்டு எண்டரைத் தட்டினாள்.

7.

பதினேழு பூஜ்யம், ஓர் ஒன்று. கூட்டினால் ஏழு.

“முருகா,” என்றாள் வாய்க்குள். அழித்துவிட்டு மறுபடி போட்டாள். ஏழு. கம்ப்யூட்டர் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள். வைரஸ், மின்னல், ஏதோ ஒன்று.

அப்போதுதான் மேலே அந்தப் பட்டன் கண்ணில் பட்டது. புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்களைக் குறைக்கும் பட்டன். அதற்குப் பக்கத்திலேயே கூட்டும் பட்டன்.

முதல் வாரம் நடந்தது ஞாபகம் வந்தது. “என்னம்மா இது, புள்ளி புள்ளியா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு? மேலிடத்துக்குப் போற தாளு. பாக்கச் சுத்தமா இருக்கட்டும்” என்று மேனேஜர் சொன்னார். அவள் ஒரு தட்டுத் தட்டினாள். 0.3, 0.4 எல்லாம் குளித்துத் தலைவாரிய பிள்ளைகள் மாதிரி வெறும் பூஜ்யமாக நின்றன. அரைக்குக் கீழே என்றால் விட்டுவிடலாம் என்று ஐந்தாம் வகுப்பிலேயே படித்ததுதானே. அவளுக்கும் அது சரியென்றே பட்டது.

இப்போது பக்கத்துப் பட்டனைத் தட்டினாள்.

0.3. 0.4. 0.4. 0.3. 0.4. பூஜ்யங்கள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. கடைசியில் 0.5. அடியில் 7.0.

கட்டத்துக்குள்ளே எண் அப்படியேதான் இருந்திருக்கிறது. ஒரு நாளும் குறையவில்லை. காட்டியது மட்டும்தான் பூஜ்யம். காட்டியதை நம்பி எட்டுக் குடும்பம் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருக்கிறது.

ஏழு செண்டிமீட்டர். கலைமணி தன் நான்கு விரலையும் சேர்த்து மேசைமேல் வைத்துப் பார்த்தாள். அவ்வளவு. ஒரு கை நுழைகிற அளவு.

ஆபீசர் போகும்போது சொன்னது காதில் கேட்டது. “ஒரே நாள்ல ஒரு செண்டிமீட்டர் நகர்ந்தாலோ, மொத்தமா அஞ்சைத் தாண்டினாலோ, யாரையும் கேட்காம ஆளை வெளியேத்துங்க.” முதல் பாதிதான் எல்லாருக்கும் நினைவிருந்தது. இரண்டாவது பாதியைக் கூட்டிப் பார்க்க ஆளில்லை. மொத்தம் அஞ்சைத் தாண்டி நாலைந்து நாள் ஆகியிருக்கும்.

குழாய் கழன்றது மழையால் இல்லை. கதவு ஊதவில்லை.

எழுந்து உள் அறைக்குப் போனாள்.

“சார். ஏழு.”

திருமலைச்சாமி வந்து திரையைப் பார்த்தார். முதலில் புரியாமல், பிறகு புரிந்து. வத்தலக்குண்டுக்காரர், விவசாயம் படித்தவர், சத்தம் போட்டுப் பேசியே பழகியவர். இப்போது ரகசியம் பேசுகிற மாதிரி கேட்டார்.

“யாரு புள்ளிய எடுத்தது?”

“நீங்கதான் சார் சுத்தமா இருக்கணும்னீங்க.”

“பாக்கச் சுத்தமா இருக்கணும்னேன். பொய்யா இருக்கணும்னு சொன்னேனா?”

பதில் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் போனை எடுத்தார். டவர் இல்லை. மழை பெய்தால் இந்த மலையில் முதலில் போவது அதுதான்.

“நான் வண்டிய எடுத்துக்கிட்டு மேல வளைவுக்குப் போய் ஆபீசருக்குப் போடுறேன். அங்க சிக்னல் கெடைக்கும். நீ...” பள்ளிக்கூடச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து அவள் கையில் திணித்தார். “ஆளுகள வெளியேத்து. வெரசா. சாமான் கீமான் எடுக்க விடாத.”

கலைமணி ஓடினாள். செருப்பு சேற்றில் மாட்டி அறுந்தது. விட்டுவிட்டு ஓடினாள்.

லயத்து வாசலில் பெருமாயி ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தாள். “என்னடி, அவுத்துவிட்ட கன்னுக்குட்டி கணக்கா ஓடி வார?”

“அக்கா, எல்லாரும் வெளிய வாங்க. பள்ளிக்கூடத்துக்குப் போகணும். இப்பவே.”

“மறுபடியுமா? அந்தத் தரையில படுத்து என் முதுகு இன்னும் நேராகலடி. பூஜ்யம்னு ஒட்டிட்டு...”

“அக்கா!”

அந்தச் சத்தத்தில் ஆடுகூட நிமிர்ந்தது. பெருமாயி அவள் முகத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு ஓடினாள்.

கலைமணி தொங்கக் காம்பராவுக்குப் போனாள். ராஜகுமாரி ஓடையிலிருந்து அப்போதுதான் ஏறி வந்து, கதவைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“மதினி, தெறக்க மாட்டேங்குது.” சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “சாத்துறதுதான் கஷ்டம்னு நெனச்சேன்.”

“தள்ளு. ரெண்டு பேருமாத் தள்ளுவோம்.”

தள்ளினார்கள். கதவு அசையவில்லை. நிலையின் மேல்கட்டை ஒரு பக்கம் இறங்கி, கதவின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. காலையில் ராஜகுமாரி துணி மூட்டையோடு வெளியே வந்தபோது இல்லாத இறக்கம். கட்டைக்கும் சுவருக்கும் நடுவே சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது.

உள்ளே குழந்தை சிணுங்கியது.

“தமிழு! அம்மா வந்துட்டேன்டா!” ராஜகுமாரி கதவை அறைந்தாள். “என்ன மதினி இது? என்ன நடக்குது?”

“பேசாத. தள்ளு.”

கலைமணி வலது தோளைக் கொடுத்து மோதினாள். கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு வலி அடித்தது. மறுபடி மோதினாள். மலைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. பழைய வேட்டியை யாரோ நிதானமாகக் கிழிக்கிற மாதிரி. வேர் அறுகிற சத்தம் அது என்று, காட்டில் வேலை பார்த்த யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

உள்ளே சிணுங்கல் நின்றுவிட்டது.

அழுகை கேட்டபோதுகூட ராஜகுமாரி இப்படி ஆகவில்லை. நின்றதும் அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. “அழுடி, அழுடி தமிழு, சத்தம் குடுடி” என்று கதவோடு வாயை ஒட்டிக் கத்தினாள்.

பெருமாயி கடப்பாரையோடு வந்தாள். “வெலகுங்கடி.” கீல் பக்கம் முனையைச் செருகி மூன்று பேரும் தொங்கினார்கள். ஒரு கீல் தெறித்தது. இன்னொரு கீல் தெறித்தது. கதவு வெளிப்பக்கம் சாய்ந்து கலைமணியின் முழங்காலில் விழுந்தது.

ராஜகுமாரி அதன்மேல் மிதித்துக்கொண்டு உள்ளே போனாள். தூளி ஆடிக்கொண்டிருந்தது. நாலு மாதக் குழந்தை கண்ணை அகல விழித்துக்கொண்டு, மேலேயிருந்து பொடியாக விழும் சுண்ணாம்பை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அதனால்தான் அழுகை நின்றிருக்கிறது.

“எடுத்துக்கிட்டு ஓடு. பள்ளிக்கூடத்துக்கு. திரும்பிப் பாக்காத.”

ராஜகுமாரி குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு வாசலில் நின்றாள். “பூஜ்யம்னு சொன்னீங்களே மதினி. காலையில கூடச் சொன்னீங்களே.”

கலைமணியின் வாயில் உண்மை வந்து நின்றது. நாக்குவரை வந்தது. சொன்னால், இவள் இங்கேயே நின்று இன்னொரு கேள்வி கேட்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“திண்டுக்கல் ஆபீசர் போன் பண்ணாரு. கெளம்பச் சொன்னாரு. போ!”

அவள் ஓடினாள். மற்ற வீட்டுக்காரர்களும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, ஒரு ரேடியோவையும் இரண்டு கோழியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாதையில் ஏறினார்கள். பெருமாயி ஆட்டை முன்னால் ஓட்டிக்கொண்டு போனாள்.

கலைமணி போகவில்லை. மேலே அருள்தாஸ் இருக்கிறான். விரிசலுக்கும் மேலே, கையில் மண்வெட்டியோடு, வாய்க்கால் வெட்டிக்கொண்டு.

லயத்து முனையில் பெரட்டு மணி தொங்குகிறது. காலையில் ஆள் கூட்டுவதற்காக அடிக்கிற ஒரு தண்டவாளத் துண்டு. வேளை கெட்ட வேளையில் அது அடித்தால், ஏதோ கெட்டது நடந்திருக்கிறது, போட்டது போட்டபடி வா என்று அர்த்தம். இரும்புக் கம்பியை எடுத்தாள். வலது கை எழும்பவில்லை. இடது கையால் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள்.

காப்பிச் செடிகளுக்கு நடுவிலிருந்து முதலில் சுப்பையா இறங்கி வந்தான். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர்.

“அவரு எங்க?”

“வந்துகிட்டிருந்தாரு, தங்கச்சி. எங்கள முன்னால போகச் சொல்லிட்டு, ஒரு நிமிசம்னு நின்னாரு.”

அவள் மறுபடி அடித்தாள். மழையில் மணிச்சத்தம் தூரம் போவதில்லை. ஒரு கல் உருண்டு வந்து தொங்கக் காம்பராவின் பின்சுவரில் மோதி நின்றது. பிறகு இன்னொன்று. மேலே காப்பிச் செடிகள் எல்லாம் நேராக நிற்க, ஒரு வரிசை மட்டும் குடித்தவன் மாதிரி கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. அந்த வரிசைக்குள்ளிருந்து அருள்தாஸ் வெளியே வந்தான். ஓடி வரவில்லை. மண் அதிர்ந்துவிடுமோ என்று பயந்தவன்போல, பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்து இறங்கி வந்தான். மண்வெட்டி கையில் இல்லை.

பக்கத்தில் வந்தபோது அவன் உதடு வெளுத்திருந்தது.

“தார்ப்பாயத் தூக்கிப் பாத்தேன், கலை.”

அவள் இரும்புக் கம்பியைக் கீழே போட்டாள்.

“கைய விட்டேன். முழங்கை வரைக்கும் போகுது. அடி தட்டல.” தன் வலது கையை வேறு யாருடையதோ மாதிரி பார்த்தான். “தெனமும் அதுக்குப் பக்கத்துலதான் குந்திக்கிட்டு நாலு, மூணுன்னு அளந்திருக்கேன்.”

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்தின் ஒரே வகுப்பறையில் எட்டுக் குடும்பமும் நிறைந்திருந்தது. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாயில்லாத தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பசி. மேனேஜர் மேல வளைவிலிருந்து வந்து, ஆபீசர் கிளம்பிவிட்டார், மலையேறும் காட்ரோட்டில் மரம் விழுந்ததால் தாமதமாகும் என்று சொன்னார். சொல்லும்போது கலைமணியைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

கலைமணி தலைகளை எண்ணினாள். ஒருமுறை எண்ணியது போதாமல் மறுபடி எண்ணினாள். எண்ணி முடித்தபோதுதான் ராஜகுமாரி கேட்டாள்.

“மதினி, அவரு வண்டி இந்நேரம் வந்திருக்கணுமே?”

பழனிக்குமார். கலைமணியின் தம்பி. லோடை இறக்கிவிட்டு ஒட்டன்சத்திரத்திலிருந்து திரும்புகிறவன். லாரியை மெயின்ரோட்டில் நிறுத்திவிட்டுக் குறுக்குப் பாதையில் நடந்து வருவான். குறுக்குப் பாதை பதினோராம் நம்பர் காட்டின் நடுவே, அந்தச் சாய்ந்த வரிசைக்குப் பக்கத்தில் வருகிறது. அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் பையில் கதவை இழைக்க ஒரு புது இழைப்புளி இருக்கும்.

பள்ளிக்கூடத்திலும் டவர் இல்லை, அவனுக்குப் போன் போட வழியில்லை.

அருள்தாஸ் கேட்டுக்கொண்டே எழுந்தான். டார்ச் லைட்டை இடுப்பில் செருகினான். “நான் ரோட்டு முனையில போய் நிக்கிறேன். அவன அங்கேயே மறிச்சுடுறேன்.”

“குறுக்க போகாதீங்க. சுத்திப் போங்க,” என்றாள் கலைமணி.

“சுத்தித்தான் போறேன்.” வாசலில் நின்றான். “அவன் ஏற்கனவே எறங்கி நடந்திருந்தா?”

அவன் மழைக்குள் இறங்கினான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவன் முதுகு கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு பனிமூட்டம் மூடிக்கொண்டது.

ராஜகுமாரி நகர்ந்து வந்து கலைமணியை ஒட்டி உட்கார்ந்தாள். குழந்தையை அவள் மடியில் வைத்தாள். பிறகு, கேட்காமலே அவள் வலது தோளை அழுத்திப் பிடித்துவிடத் தொடங்கினாள். கதவில் மோதிய இடம் கன்றிப் போயிருந்தது.

“அந்த ஆபீசர் யாரு என்னன்னு தெரியாது. நல்லா இருக்கட்டும் மதினி. அவரு மட்டும் போன் பண்ணலேன்னா எம்புள்ள...” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “அவரு வந்ததும் கால்ல விழுந்து கும்புடணும்.”

“ம்.”

“ஆனா இத்தன நாளு பூஜ்யம் பூஜ்யம்னு எப்படிக் காட்டுச்சு? மிஷின் கோளாறா?”

பதினாறு கண்ணாவது அந்தக் கேள்விக்குத் திரும்பியிருக்கும். பெருமாயி ஆட்டின் காதைத் தடவிக்கொண்டே பார்த்தாள். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மடியில் குழந்தை கலைமணியின் விரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது. அந்தப் பட்டனைத் தட்டிய அதே விரல்.

“ஆமா,” என்றாள் கலைமணி. “மிஷின் கோளாறுதான்.”

ராஜகுமாரி நம்பினாள். தோளை இன்னும் கொஞ்சம் இதமாக அழுத்தினாள்.

ஆபீசர் வந்துவிட்டால் முதல் கேள்வியிலேயே எல்லாம் வெளியே வந்துவிடும். அதற்குள் தம்பி வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்தால் சொல்லிவிடலாம். வராவிட்டால் எந்த வாயால் சொல்வது?

போர்டில் காட்டிய பதினேழு பூஜ்யமும் தன் கையால் ஆனது, மிஷினால் ஆனதில்லை. இந்த ஒரு வாக்கியம், தோளைப் பிடித்துவிடும் இந்தப் பெண்ணுக்குக் கலைமணி தர வேண்டிய பாக்கி.

அவள் இன்னும் தரவில்லை.